1 அழுத்தினால் 5 வருகிறதா? கணினியில் தொலைபேசி டோன் எழுப்புவோருக்கான பிழைநீக்க வழி

வீட்டுக் கணினியின் ஸ்பீக்கரிலிருந்து தொலைபேசிப் பொத்தானின் ஒலியை வரவழைப்பது எளிது. மறுமுனையில் இருக்கும் டிகோடர், அதாவது டோனைக் கேட்டு எண்ணைக் கண்டறியும் கருவி, அதை எண்ணாக ஏற்றுக்கொள்வதுதான் கடினம். சொந்தமாக ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளில் தொலைபேசி இணைப்பகம் அமைத்து அதன் குரல் மெனுவைச் சோதிப்பவர்கள், அமெச்சூர் ரேடியோவின் மறு ஒலிபரப்பு நிலையமான ரிப்பீட்டரை டோன் மூலம் இயக்குபவர்கள், பழைய காமடோர் 64 கணினியைத் தூசி தட்டி டயல் செய்யவைக்க ஆசைப்படுபவர்கள் என எல்லோருக்கும் இதே சிக்கல்தான். காதுக்குச் சரியாகக் கேட்கிறது. எண் போய்ச் சேரவில்லை. உடனே கை ஒலியளவைக் கூட்டப் போகிறது. தயவுசெய்து கூட்டாதீர்கள். பெரும்பாலான நேரங்களில் அதுவே இரண்டாவது கோளாறைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதன்பின் எது முதல் பிழை என்று பிரித்தறிய முடியாது.

முதலில் ஒரு தாளை எடுத்து 1 முதல் 9, பிறகு *, 0, # என்று பன்னிரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஒலிக்கவிட்டு, டிகோடர் என்ன சொன்னது என்பதை எதிரே குறியுங்கள். எந்த எண் தவறியது என்பதைவிட, தவறியவை எந்தக் கோலத்தில் தவறின என்பதே முக்கியம். இந்த முறையை வடிவமைத்தவர்கள் பொத்தான்களை ஒரு கட்டமாக அமைத்ததால், பிழையும் அந்தக் கட்டத்தின் மீதே தன் தடத்தை விட்டுச் செல்கிறது.

அந்தக் கட்டத்தைச் சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனம் 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் டச் டோன் என்ற பொத்தான் டயல் சேவையைத் தொடங்கியது. ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு டோன்களை எழுப்பும். கிடைவரிசைகளுக்கு மேலிருந்து கீழாக 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாக 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். நான்காவது நெடுவரிசையாக 1633 ஹெர்ட்ஸும் உண்டு. அது ஏ, பி, சி, டி என்ற பொத்தான்களுக்கானது. வீட்டுத் தொலைபேசியில் அவற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் டிகோடர்களுக்கு அவை தெரியும். அனுப்பும் கருவி 1.8 சதவீதத்துக்குமேல் விலகக் கூடாது. அமெரிக்க வரையறைப்படி வாங்கும் கருவி 1.5 சதவீதம் வரையிலான விலகலை ஏற்றாக வேண்டும், 3.5 சதவீதத்தைத் தாண்டினால் நிராகரித்தாக வேண்டும். இடைப்பட்ட பகுதியில் ஒவ்வொரு டிகோடரும் தன் விருப்பப்படி நடந்துகொள்ளும்.

சோதனைக்கு மல்டிமான் போன்ற மென்பொருள் டிகோடர் போதும். டிகோடர் சிப்பான எம்.டி.8870-ஐ அதற்குரிய 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகத்துடன் ஒரு பலகையில் பொருத்திக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனெனில் கணினியின் அமைப்புகள் எதுவும் அதைப் பாதிக்காது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டோன் கோப்பு ஒன்றை உருவாக்கி, அந்தக் கோப்பையே நேரடியாக மென்பொருள் டிகோடரிடம் கொடுங்கள். அங்கே பன்னிரண்டும் சரியாக வந்தால் கோப்பில் குறையில்லை. கோளாறு அது ஒலியாக மாறிப் போகும் வழியில் இருக்கிறது.

அறிகுறி: 1 அழுத்தினால் 5, 2 அழுத்தினால் 6, 4 அழுத்தினால் 8

இந்தக் கோலத்தைப் பார்த்தால் டிகோடரைச் சந்தேகிக்காதீர்கள். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற சாம்பிள் ரேட்டில் உருவான ஒலி 48,000-இல் ஓடுகிறது.

கணக்கு இப்படிப் போகிறது. ஒலி 8.84 சதவீதம் வேகமாக ஓடுவதால் 697 ஹெர்ட்ஸ் 758.6 ஆகிறது. 1209 ஹெர்ட்ஸ் 1315.9 ஆகிறது. முதலாவது 770-க்கு 1.5 சதவீதம் கீழே நிற்கிறது. இரண்டாவது 1336-க்கு அதே 1.5 சதவீதம் கீழே. 770-உம் 1336-உம் சேர்ந்தால் 5. அடுத்தடுத்த டோன்களுக்கு இடையிலான விகிதம் ஏறத்தாழ 21-க்கு 19, அதாவது சுமார் பத்தரை சதவீதம். சாம்பிள் ரேட் பிழை அதில் பெரும்பகுதியைக் கடந்துவிடுவதால் எல்லா எண்களும் கட்டத்தில் மூலைவிட்டமாக ஓர் அடி கீழே, ஓர் அடி வலப்புறம் நகர்கின்றன. 5 அழுத்தினால் 9, 7 அழுத்தினால் 0, 8 அழுத்தினால் #. மூன்றாம் நெடுவரிசையில் இருக்கும் 3, 6, 9 ஆகியவை பி, சி, டி என்று வரும். அடிவரிசையின் *, 0, # மூன்றும் அடியோடு மறைந்துவிடும், ஏனெனில் 941 ஹெர்ட்ஸ் 1024-க்குப் போய்விடுகிறது. அங்கே எந்த வரிசையும் இல்லை.

விலகல் ஏற்பு எல்லைக்கு மிக நெருக்கமாக இருப்பதால் கண்டிப்பான டிகோடர் இவற்றில் பலவற்றை நிராகரித்து மௌனமாக இருக்கும். தாராளமான மென்பொருள் டிகோடர் எல்லாவற்றையும் தவறாக ஏற்கும். ஒரே கோப்பு இரண்டு டிகோடர்களில் இரண்டு விதமாக நடந்துகொள்வதன் காரணம் இதுதான்.

தலைகீழ் நிகழ்வும் உண்டு. 48,000-இல் உருவானது 44,100-இல் ஓடினால் 5 அழுத்தும்போது 1 வரும், 9 அழுத்தும்போது 5 வரும். அப்போது மேல்வரிசை 1, 2, 3-உம் இடது வரிசை 4, 7, *-உம் காணாமல் போகும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: கோப்பு, இயக்க முறைமையின் ஒலி அமைப்பு, சவுண்ட் கார்டு மூன்றிலும் ஒரே சாம்பிள் ரேட்டை வையுங்கள். நீங்களே நிரல் எழுதி ஒலியை உருவாக்குகிறீர்கள் என்றால், சைன் அலையைக் கணக்கிட்ட வரியில் இருக்கும் எண்ணும் கோப்பின் தலைப்பகுதியில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அறிகுறி: காமடோர் 64-இல் ஒலி அழகாக வருகிறது, ஓர் எண்கூட எடுபடவில்லை

1982-இல் வெளிவந்த அந்தக் கணினியின் சிட் ஒலி சிப், பாப் யானஸ் வடிவமைத்தது. தனித்தனியாக இயங்கும் மூன்று குரல்கள் அதில் உள்ளன. ஒரு குரலில் கிடைவரிசை டோன், இன்னொன்றில் நெடுவரிசை டோன். மூன்றாவது குரல் தேவையே இல்லை. தொலைபேசி டோனுக்கு அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் இதைவிடப் பொருத்தமானது அரிது என்பது என் கருத்து.

ஆனால் சிட் தன் சுருதியைக் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்.டி.எஸ்.சி.க்கு ஏற்ற மாடலில் அது விநாடிக்கு 10,22,727 துடிப்பு; ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பாலுக்கு (PAL) ஏற்ற மாடலில் 9,85,248. சிப்பின் பதிவகத்தில் எழுத வேண்டிய எண், விரும்பும் அதிர்வெண்ணை 1,67,77,216-ஆல் பெருக்கிக் கடிகார வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். 697 ஹெர்ட்ஸுக்கு என்.டி.எஸ்.சி. கணினியில் 11434, பால் கணினியில் 11869. 1209 ஹெர்ட்ஸுக்கு 19833-உம் 20587-உம்.

அமெரிக்கக் கணினிக்கு எழுதிய நிரலை அப்படியே பால் கணினியில் தட்டச்சு செய்தால் எல்லா டோன்களும் 3.66 சதவீதம் தாழ்ந்துவிடும். 697 இருக்க வேண்டிய இடத்தில் 671.5. டிகோடர் நிராகரித்தாக வேண்டிய 3.5 சதவீத எல்லையை அது மயிரிழையில் தாண்டிவிடுகிறது. இரண்டு டோன்களும் ஒரே விகிதத்தில் இறங்குவதால் அவற்றுக்கு இடையிலான இடைவெளி மாறுவதில்லை. அதனால்தான் காது ஏமாறுகிறது. எதிர்த்திசையில், பால் நிரலை அமெரிக்கக் கணினியில் ஓட்டினால், 3.8 சதவீதம் உயரும், அதுவும் எடுபடாது. கடிகாரத்துக்கு ஏற்ற அட்டவணையை எழுதிவிட்டால் சிக்கல் அந்த நொடியே தீர்ந்துவிடும்.

சிட் சிப்பில் சைன் அலை கிடையாது. முக்கோண அலையைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஆற்றலில் 98 சதவீதத்துக்கும் மேல் அடிப்படை அதிர்வெண்ணிலேயே இருக்கிறது, டிகோடருக்கு அது போதும். ரம்பப் பல் அலையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் இரட்டை மடங்குகளும் வருவதால் 697-இன் இருமடங்கான 1394-உம் 770-இன் இருமடங்கான 1540-உம் நெடுவரிசைப் பகுதிக்குள் நுழைந்துவிடும். சிப்பின் உள்வடிகட்டியையும் பயன்படுத்த வேண்டாம். சிட்டின் 6581 மாடலில் அது சிப்புக்குச் சிப்பு வேறுபடும். ஒலி அடங்கும் நேரத்தை மிகக் குறைவாக வையுங்கள். அது நீண்டால் ஒரு டோனின் வால் அடுத்த டோனின் மீது படிந்துவிடும்.

கேசட்டில் பதிவு செய்து ஒலிக்கவிடுபவர்களுக்கும் இதே பகுதி பொருந்தும். பழைய டேப் ரெக்கார்டரின் வேகம் இரண்டு சதவீதம் விலகினாலே ஏற்பு எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

அறிகுறி: சதுர அலைக் கணினியில் சில டிகோடர் ஏற்கிறது, சில ஏற்கவில்லை

ஸ்பெக்ட்ரம் 128 என்ற பழைய வீட்டுக் கணினியில் உள்ள ஏ.ஒய். ஒலி சிப் போன்றவை டோனுக்குச் சதுர அலையை மட்டுமே தரும். சுருதியில் பிரச்சினை இல்லை: 17,73,400 ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 697-க்குச் சிப்பில் எழுத வேண்டிய வகுப்பெண் 159, கிடைப்பது 697.1, மிக மோசமான 1209-க்குக்கூட 1204.8 கிடைக்கிறது. ஆனால் சதுர அலையின் ஆற்றலில் 81 சதவீதம்தான் அடிப்படை அதிர்வெண்ணில் இருக்கிறது. மொத்த ஒலியில் பெரும்பங்கு அந்த இரண்டு டோன்களில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் டிகோடர், பேச்சு என்று நினைத்து அதைத் தள்ளிவிடும். வெளியே, உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் தாழ்நிலை வடிகட்டி ஒன்றை வையுங்கள்.

ஒரே ஒரு கம்பியின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஒலி எழுப்பும் 48கே ஸ்பெக்ட்ரம், பழைய பி.சி. ஸ்பீக்கர் ஆகியவற்றில் சாதாரண நிரலால் இரண்டு டோன்களைச் சேர்ந்தாற்போல எழுப்ப முடியாது. ஒன்றை மாற்றி ஒன்று வேகமாக ஒலிக்கவிடும் தந்திரம் நம்பகமானதல்ல. டிகோடர் இரண்டையும் ஒரே நேரத்தில், இடையறாமல் எதிர்பார்க்கிறது.

அறிகுறி: 4, * மட்டும் தடுமாறுகின்றன, அல்லது 3, 6 மட்டும்

ஒலியளவைக் கூட்டாதீர்கள் என்று தொடக்கத்தில் கெஞ்சியதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

ஒவ்வொரு டோனையும் 0.8 அளவில் வைத்துக் கூட்டினால் உச்சம் 1.6, சவுண்ட் கார்டின் எல்லை 1. தலை வெட்டுப்பட்ட அலை புதிய அதிர்வெண்களைப் பெற்றெடுக்கிறது. மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்டால், ஒரு டோனின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த மதிப்பில் ஒலி தோன்றும். * பொத்தானுக்குக் கணக்கிடுங்கள்: 1209-இன் இருமடங்கு 2418, அதில் 941 போக மிச்சம் 1477. அது # இருக்கும் நெடுவரிசை! டிகோடருக்கு ஒரே நேரத்தில் இரண்டு நெடுவரிசைகள் தெரிகின்றன. குழம்பி எதையும் ஏற்காமல் விடுகிறது. 4-க்கு 2418-இலிருந்து 770 போக 1648. நான்காம் நெடுவரிசையான 1633-க்கு ஒரு சதவீதத்துக்குள். மற்ற பத்துப் பொத்தான்களில் இப்படிப் பிறக்கும் ஒலிகள் எந்த வரிசையின் மீதும் சரியாகப் போய் விழுவதில்லை. எனவே வெட்டுப்படுதல் தொடங்கும்போது முதலில் பலியாகக் கூடியவை இந்த இரண்டும்.

அலை ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால் கதை மாறும். மலிவான ஒற்றை டிரான்சிஸ்டர் பெருக்கி, அளவுக்கு மீறி ஒலி வாங்கிய மைக் ஆகியவை இப்படிச் செய்யும். அப்போது இரண்டு டோன்களின் வித்தியாசமே ஒலியாகிறது. 3-க்கு 1477-இலிருந்து 697 போக 780. பக்கத்து வரிசை 770. 6-க்கு 1477-இலிருந்து 770 போக 707. பக்கத்து வரிசை 697. இரண்டும் 1.5 சதவீதத்துக்குள் வருகின்றன.

தாளில் 4, * தவறியிருந்தால் நிரலிலும் மிக்சரிலும் தேடுங்கள். 3, 6 தவறியிருந்தால் பெருக்கியையும் மைக்கையும் பாருங்கள். ஒவ்வொரு டோனையும் 0.3 அளவுக்குக் குறைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

அறிகுறி: முதல் எண் மட்டும் விழுந்துவிடுகிறது

மின்சாரம் சேமிக்க உறங்கிப்போன சவுண்ட் கார்டு, ஒலி தொடங்கிய பிறகே விழிக்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரும் எச்.டி.எம்.ஐ. வழியும் இன்னும் தாமதமாக விழிக்கும். கோப்பின் தொடக்கத்தில் ஒரு விநாடி வெற்று ஒலியைச் சேர்த்துவிடுங்கள். முழு மௌனத்தைச் சில கருவிகள் ஒலியாகவே கருதுவதில்லை. அப்படியானால் காதில் விழாத அளவுக்கு மெல்லிய இரைச்சலை வையுங்கள்.

நிஜ இணைப்பகத்தோடு பேசும்போது இன்னொரு காரணமும் உண்டு. டயல் டோன் முதல் எண் பதிவாகும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் அது 350-உம் 440-உம் சேர்ந்த ஒலி. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ். நல்ல டிகோடரில் அதை விலக்கும் வடிகட்டி இருக்கும். எளிய மென்பொருளில் இருக்காது.

அறிகுறி: சிறிய எண்கள் போகின்றன, நீளமான எண் போகவில்லை, 55 என்பது 5 ஆகிறது

ஆடாசிட்டி மொத்த நேரத்தைத்தான் நம்மிடம் கேட்கிறது. அதை எண்களுக்குப் பங்கிட்டுக்கொள்கிறது. ஒரு விநாடிக்குள் பன்னிரண்டு இலக்கங்களைத் திணித்தால் ஒவ்வொரு டோனும் 50 மில்லி விநாடிக்குக் கீழேயும் இடைவெளி 40-க்குக் கீழேயும் இறங்கிவிடும். பொதுவாக டிகோடர்கள் 40 மில்லி விநாடி டோனை ஏற்க வேண்டும். அமெரிக்க வரையறைப்படி 23-க்குக் குறைந்தால் ஒதுக்கிவிட வேண்டும். இடைவெளியில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு அதிகம்: ஜப்பானில் 30, அமெரிக்காவில் 40, ஆஸ்திரேலியாவில் 70. இடைவெளி போதாவிட்டால் அடுத்தடுத்து வரும் ஒரே எண்கள் ஒட்டிக்கொள்ளும். டோன் 100, இடைவெளி 100 என்று வைத்துவிடுங்கள். யாருக்கும் அவசரமில்லை.

அறிகுறி: கேபிளில் சரி, ஸ்பீக்கரை ரிசீவர் அருகே பிடித்தால் தவறு

இரண்டு டோன்களின் பலம் சமநிலை தவறுகிறது. அமெரிக்க வரையறையின்படி நெடுவரிசை டோன் 4 டெசிபல் வரை ஓங்கியிருக்கலாம். கிடைவரிசை டோன் 8 டெசிபல் வரை ஓங்கியிருக்கலாம். லேப்டாப்பின் சிறிய ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளில் பலவீனமானது. அது முதல் எல்லையை எளிதில் மீறும். மேல்வரிசையின் 1, 2, 3 முதலில் தவறினால் இதைச் சந்தேகியுங்கள். கிடைவரிசை டோனைச் சில டெசிபல் கூட்டுங்கள், அல்லது வேறு ஸ்பீக்கரை எடுங்கள்.

ஒரு சேனலில் கிடைவரிசை, மறு சேனலில் நெடுவரிசை என்று ஸ்டீரியோவில் பிரித்து எழுதிய நிரல்களையும் பார்க்கலாம். ஹெட்போனின் ஒரு காதை மட்டும் ரிசீவரில் வைத்தால் பாதி டோன்தான் போகும். எந்த எண்ணும் வராது. மோனோவாக்குங்கள்.

மறுமுனையில் கணினியின் மைக் இருந்தால் இரைச்சல் நீக்கும் வசதியையும் எதிரொலி நீக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மாறாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தமாகக் கருதி அழிப்பதுதான் அவற்றின் வேலை. தொலைபேசி டோன் மாறாமல் ஒலிப்பது.

அறிகுறி: கைபேசியிலோ இணையத் தொலைபேசியிலோ எடுபடவில்லை, அல்லது ஒவ்வொரு எண்ணும் இரண்டு முறை வருகிறது

கைபேசியில் பொத்தானை அழுத்தும்போது டோன் ஒலியாகப் பயணிப்பதில்லை. செய்தியாக வலையமைப்புக்குப் போகிறது. அங்கேதான் டோன் உருவாகிறது. மைக் வழியே நீங்கள் ஊட்டும் டோனோ மனிதப் பேச்சுக்காக வடிவமைத்த சுருக்க முறைக்குள் புகுந்து சிதைந்து வெளிவருகிறது. இங்கே உங்கள் ஒலியைத் திருத்திப் பயனில்லை, பாதையை மாற்றுங்கள்.

இணையத் தொலைபேசியில் ஜி.711 சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் டோன் பெரும்பாலும் பிழைக்கும், ஜி.729-இல் பிழைப்பது அரிது. 2006-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4733 என்ற இணையத் தரநிலை டோனைத் தனிச் செய்தியாக அனுப்பும் வழியை வரையறுக்கிறது. தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் உங்கள் அடாப்டர் டோனைக் கண்டுபிடித்து, ஒலியிலிருந்து அகற்றி, செய்தியாக மாற்றுகிறது. கண்டுபிடிக்கச் சில மில்லி விநாடி ஆவதால் அதற்குள் டோனின் தலைப்பகுதி நழுவிப் போய்விடுகிறது. மறுமுனை நழுவிய ஒலியை ஒருமுறையும் செய்தியை ஒருமுறையும் எண்ணினால் எண் இரட்டிக்கும். மறுமுனையில் ஒலியிலிருந்து டோனைக் கண்டறியும் வசதியை அணைத்துவிட்டு, செய்தியை மட்டும் நம்பச் சொல்லுங்கள்.

அறிகுறி: 2600 ஹெர்ட்ஸ் சுத்தமாக ஒலிக்கிறது, எதுவும் நடக்கவில்லை

நடக்காது. அமெரிக்காவின் தொலைதூரத் தடங்கள் ஓய்வில் இருப்பதைக் காட்ட அந்த டோனைப் பயன்படுத்தின. பேச்சு போகும் அதே தடத்தில் கட்டளையும் போனதால் அழைப்பவரும் கட்டளையிட முடிந்தது. அதை வைத்துக் கட்டணமின்றி அழைத்தவர்கள் சிறைக்கும் போனார்கள். 1976 முதல் பெல் வலையமைப்பு கட்டளைகளைத் தனித் தடத்துக்கு மாற்றத் தொடங்கியது. மினசோட்டாவின் வாவினா என்ற சிற்றூரில் எஞ்சியிருந்த பழைய தடங்கள் 2006 ஜூனில் அகற்றப்பட்டன. அந்த முறையின் இயக்கத்தை அறிய ஆசையிருந்தால் சொந்த ஆஸ்டரிஸ்க் அமைப்பில் பாவனை செய்து பாருங்கள்.

கம்பியைத் தொடும் முன்

இவ்வளவும் சரியான பிறகு சவுண்ட் கார்டைத் தொலைபேசிக் கம்பியோடு நேரடியாக இணைக்கத் தோன்றும். அந்தக் கம்பியில் ஓய்வு நிலையில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) இருக்கிறது. மணியடிக்கும்போது அதன்மீது 75 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட மாறுமின்சாரம் ஏறுகிறது. சவுண்ட் கார்டு தாங்குவது ஓரிரு வோல்ட்தான். இடையில் 600-க்கு 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரும் நேர்மின்சாரத்தைத் தடுக்கும் மின்தேக்கியும் கட்டாயம் வேண்டும். பொதுத் தொலைபேசி வலையமைப்பில் அனுமதி பெறாத கருவியை இணைக்கக் கூடாது என்பதால் சோதனையை உங்கள் சொந்த அடாப்டரின் தொலைபேசித் துளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மணி மின்சாரம் வரும். டிரான்ஸ்ஃபார்மரை அங்கேயும் விட்டுவிடாதீர்கள்.